கிழங்கின் முதுகில் வெயில்

பிப்ரவரி 11

நாத்தனாருக்கு,

பத்தொன்பது மாசம் கழிச்சு எழுதறேன். சமாதானத்துக்கு வர்றேன்னு நினைச்சுக்காதே. உங்கண்ணன் செடி அழுகுது. அதுக்குத்தான் எழுதறேன்.

போன் பண்ணியிருக்கலாம். உன் குரலைக் கேட்டா எனக்கு முதல்ல கோவம் வரும், செடி பின்னாடி போயிடும். எழுதினா நிறுத்தி நிறுத்திச் சொல்லலாம். அடிச்சுத் திருத்தலாம்.

பின்வாசலை ஒட்டின பாத்தியில மத்த ஐரிஸ் பூச்செடி எல்லாம் நல்லாத்தான் நிக்குது. அந்த ஒண்ணு மட்டும்தான். தகரச் சீட்டுல ஆணியால பதினேழுன்னு கீறி நட்டு வெச்சாரே, அது. போன வாரம் நடு இலை மஞ்சளாச்சு. குளிர்னு விட்டுட்டேன். நேத்து லேசா இழுத்துப் பாத்தேன். இலை கையோட வந்துடுச்சு. நூல் இத்துப்போன தையல் மாதிரி, ஒரு பிடிமானமும் இல்லாம. அடியில பழுப்பா கூழ். நாத்தம் விரல்ல இருந்து இன்னும் போகல. ரெண்டு தடவை சோப்பு போட்டாச்சு.

உனக்குத் தெரியாதது இல்ல. ஆனாலும் எழுதறேன், எழுதினாத்தான் என் பயம் எனக்கே சரியா புரியுது. என் தையல் மெஷின் துடைக்கிற பிரஷ்ஷைத் தூக்கிட்டுப் போய், ஒரு பூவுல இருந்து இன்னொரு பூவுக்கு மகரந்தம் தடவினார். எந்தப் பூவுல இருந்து எதுக்குன்னு சொல்லல. காய் பிடிச்சு, விதை போட்டு, முளைச்சது முப்பது. நத்தை தின்னது போக நின்னது இது ஒண்ணுதான். "என்ன நிறம்"னு கேட்டா "பூக்கும்போது பாரு"ன்னார். பூக்கறதுக்கு முன்னாடி அவர் போயிட்டார். ரெண்டு வருஷம் ஒரு மாசம் ஆச்சு. இதுக்கு ஜோடி உலகத்துலயே கிடையாது. இது போச்சுன்னா அவர் மனசுல என்ன நிறம் இருந்துதுன்னு யாருக்கும் தெரியாமலே போயிடும்.

போன வருஷம் பூக்கும்னு இருந்தேன். வெறும் இலை. இந்த வருஷம்னு இருந்தேன்.

நீ பல் ஆஸ்பத்திரியில நாள் முழுக்க அழுகல் பாக்கறவ. சின்ன வயசுல அவர்கூட மண்ணுல புரண்டவ. எனக்கு ஜன்னல் திரை தைக்கத் தெரியும், அவ்வளவுதான். என்ன பண்ணணும்னு எழுது. வேற எதுவும் எழுத வேண்டாம்.

அண்ணி


பிப்ரவரி 15

அண்ணி,

வேறு எதுவும் எழுத வேண்டாம் என்றதால் செய்ய வேண்டியதை மட்டும்.

காத்திருக்காதீர்கள். முழுசாகத் தோண்டி எடுங்கள். வெளியில் தெரிவது கொஞ்சம், உள்ளே இருப்பது அதிகம். பல்லும் அப்படித்தான்.

மண்ணைக் கழுவிவிட்டுக் கிழங்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பச்சை உருளைக்கிழங்கு போல உறுதியாக இருந்தால் நல்லது. உள்ளே போனால் அழுகல். அழுகலைச் சுரண்டி, அதற்கப்பால் நல்ல சதையிலும் ஒரு விரல் அகலம் வெட்டி எறியுங்கள். பாவம் பார்க்கக் கூடாது. உள்சதை வெள்ளையாக வரும்வரை. ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் கத்தியை ஸ்பிரிட்டில் முக்குங்கள். மறக்காதீர்கள். கத்திதான் நோயை ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோகும். ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போகும்போது நாங்கள் செய்வதும் இதுவே.

வெட்டியதை உடனே நடக் கூடாது. செய்தித்தாளில் பரப்பி நாலைந்து நாள் வெயில் காட்டுங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும். அப்புறம் கந்தகத் தூள். மருந்துக்கடையில் இல்லையென்றால் விதைக் கடையில் கிடைக்கும்.

பார்சலில் மூன்று சின்னக் கரண்டிகள். சொத்தை தோண்டுகிறவை. முனை தேய்ந்துவிட்டது என்று டாக்டர் ஒதுக்கியவை. கேட்டுத்தான் எடுத்தேன்.

தோண்டும் முன் ஒன்று பாருங்கள். கிழங்கின் முதுகு மண்ணுக்கு மேலே தெரிகிறதா, இல்லை புதைந்து கிடக்கிறதா? ஐரிஸுக்கு முதுகில் வெயில் பட வேண்டும். எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள்.

இங்கே இரண்டு வரியை அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க முயல வேண்டாம்.


பிப்ரவரி 22

நாத்தனாருக்கு,

வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். ஒண்ணும் தெரியல. அடிக்கிறதுல கெட்டிக்காரிதான்.

ஞாயித்துக்கிழமை தோண்டினேன். டேப் வெச்சு அளந்தேன், எனக்கு விரல் கணக்கு சரிப்படாது. கிழங்கோட ஒரு பக்கத்துல மேல் மண் ரெண்டு சென்டிமீட்டர். வேலிப் பக்கம் ஒன்பது. ஒரு பக்கம் மட்டும் யாரோ அள்ளிக் குமிச்ச மாதிரி. எதிர்வீட்டு டிரைவர் வந்து எட்டிப் பாத்துட்டு "மழையில மண்ணு சரிஞ்சிருக்கும்மா"ன்னார். மழையில மண்ணு கீழதானே சரியும், மேல ஏறுமா? அவர் வண்டியை ரிவர்ஸ் எடுக்கற லட்சணத்துக்கு அவருக்கு எல்லாம் அப்படித்தான் தெரியும்.

அந்த ஒன்பது சென்டிமீட்டருக்கு அடியில கிழங்கு பாதியில நிக்குது. நேரா. பழைய வெட்டு, ஓரம் கறுத்துப்போயிருக்கு. அழுகல் அங்கேருந்துதான் உள்ள நடந்திருக்கு.

நான் பதினெட்டு வருஷமா துணி வெட்டறேன். கிழிஞ்சதுக்கும் வெட்டினதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியும். பூச்சி நேர்கோட்டுல கடிக்காது.

நான் கேக்கல. நீயே சொல்லு.

சுரண்டின கதையையும் சொல்லிடறேன். உன் கரண்டி நல்லா வேலை செய்யுது, அதை ஒத்துக்கணும். குனிஞ்சு உக்காந்து ஒரு மணி நேரம். டிரைவர், "என்னம்மா, செடிக்குப் பல் புடுங்கறீங்களா"ன்னு கேட்டுட்டு அவரே சிரிச்சுக்கிட்டார். என் கை அகலத்துக்கு இருந்த கிழங்கு. வெள்ளை வர்ற வரைக்கும் வெட்டினேன். வெட்ட வெட்ட பழுப்பு. ஒரு கட்டத்துல வெள்ளையே இல்லையோன்னு ஆயிடுச்சு. கடைசியில மிச்சம் ரெண்டு துண்டு. ஒண்ணு நூல்கண்டு அளவு. இன்னொண்ணு அதுல பாதி.

இங்க வெயிலே இல்ல. நான் திரை தைக்கிற கடையில கண்ணாடி ஜன்னல் ஓரம் கொஞ்சம் வெளிச்சம் விழும், அங்க பேப்பர் விரிச்சு வெச்சிருக்கேன். முதலாளியம்மா "இஞ்சியா, எனக்கும் கொஞ்சம் குடு"ன்னு ஒண்ணை எடுத்து மோந்து பாத்துட்டு மூஞ்சியைச் சுளிச்சாங்க. ரெண்டு மணிக்கொரு தடவை மெஷினை நிறுத்திட்டுப் போய் அழுத்திப் பாக்கறேன். இன்னிக்கு ஒரு ஹால் திரையில கொக்கி மடிப்பைத் தலைகீழாத் தைச்சுட்டேன். பதினெட்டு வருஷத்துல முதல் தடவை.

பதில் எழுது.


மார்ச் 1

அண்ணி,

நான்தான்.

அண்ணன் போய் ஆறு மாதத்தில், ஜூலையில், அவர் சட்டைகளைப் பிரித்துக் கட்ட வந்தபோது. சட்டை எதுவும் வேண்டாம், செடியில் ஒரு துண்டு போதும் என்றேன். "ஆளுக்குப் பாதியா வெட்டி எடுத்துக்க அது துணி இல்ல" என்றீர்கள். அதற்கு நான் சொன்னதை இங்கே திரும்ப எழுத மாட்டேன். உங்களுக்கு நினைவிருக்கும்.

மறுநாள் காலை. நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள். குழாய்ச் சத்தம் பின்வாசல்வரை கேட்டது. சமையலறைக் கத்தியை எடுத்தேன். கழுவவில்லை. வேலிப் பக்கம் ஒரு முனையை அறுத்து ஈரத் துண்டில் சுற்றிப் பையின் அடியில் வைத்தேன். குழாய் நின்றது. வெட்டுவாய் வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு கையாலும் மண்ணை அள்ளி மூடினேன். தட்டினேன். மேலே காய்ந்த சருகு போட்டேன். நீங்கள் தலை துவட்டிக்கொண்டே வந்து "இன்னும் கிளம்பலையா" என்றீர்கள்.

தெரியாமல் செய்தேன் என்று எழுத ஆசை. ஆனால் புதைத்தால் அழுகும் என்று எனக்கு ஏழு வயதிலிருந்து தெரியும். அண்ணன் என் புறங்கையில் ஒரு அடி வைத்துச் சொல்லிக்கொடுத்தது. அன்று அந்த மண்ணை அள்ளும்போதும் தெரியும். வெட்டு தெரியக் கூடாது. அது மட்டும்தான் அப்போது தலையில் இருந்தது. ஒரு வாரத்தில் போன் செய்து "மண்ணைத் தள்ளிவிடுங்கள்" என்று சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பீர்கள். ஒரு வாரம் ஒரு மாதம் ஆயிற்று.

புதைந்த கிழங்கு பூக்காது. போன வருடம் வெறும் இலையாக நின்றதற்கும் காரணம் நான். பூக்கவில்லையே என்று நீங்கள் அதிகமாகத் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள். அதற்கும்.

என் துண்டு பிழைத்திருக்கிறது. மூன்றாம் மாடி, பால்கனி, மண் தொட்டி.

இன்னொன்று இருக்கிறது. அதை அடுத்த கடிதத்தில் எழுதலாம் என்று இந்தத் தாளை மடித்துவிட்டேன். மறுபடி பிரித்து எழுதுகிறேன்.

போன மே மாதம் அது பூத்தது. ஒரு பூ. மூன்று நாள் இருந்தது.


மார்ச் 5

மூணு நாள்.

மூணு நாள்ல ஒரு நாள் கூட என் நம்பர் உனக்கு ஞாபகம் வரல.

போன மே மாசம் நான் என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா? வேலை முடிஞ்சு வந்து வாளியைக் கவுத்துப் போட்டு அது மேல உக்காந்து அந்த இலையையே பாத்துட்டிருந்தேன். தண்ணி ஊத்தினேன். ஆமா, ஊத்தினேன். நீ கரெக்டா சொல்லிட்ட. உன் மண்ணுக்கு மேல என் தண்ணி. ரெண்டு பேரும் சேந்துதான் முடிச்சோம்.

என்ன நிறம்னு எழுதிடாதே. எழுதின கடிதாசு வந்தா பிரிக்காம கிழிச்சுப் போடுவேன். உன் கண்ணால பாத்ததை என் காதுல ஊத்தாதே. தொட்டியும் வேண்டாம். என் செடி பூக்கும், நான் பாத்துக்கறேன்.

ரெண்டு துண்டுல சின்னது ஜன்னலோரத்துலயே மறுபடி மெத்துனு ஆயிடுச்சு. தூக்கிப் போட்டேன். நூல்கண்டு ஒண்ணுதான் இருக்கு. தோல் கட்டியிருக்கு. எப்படி நடணும்னு எழுது. அதை மட்டும் எழுது. இந்தத் தடவை நிஜமாவே அதை மட்டும்.


மார்ச் 10

அண்ணி,

அழுகிய இடத்து மண்ணில் நடாதீர்கள். புது இடம். நாள் முழுக்க வெயில் விழும் இடமாக, தண்ணீர் தேங்காமல் மேடாக. குழியின் நடுவில் சின்னதாக ஒரு முகடு செய்து அதன்மேல் கிழங்கை உட்கார வையுங்கள். குதிரைமேல் உட்கார்ந்தவன் கால்போல வேர்கள் இரண்டு பக்கமும் தொங்கட்டும். வேருக்கு மட்டும் மண். முதுகு வெளியே. ஒரு முறை தண்ணீர். அப்புறம் மண் நன்றாகக் காய்ந்தபிறகுதான். சருகு, வைக்கோல் எதுவும் மேலே போட்டு மூட வேண்டாம். பார்க்க அம்மணமாக இருக்கும். இருக்கட்டும்.

அதை மட்டும் எழுதச் சொன்னீர்கள். மன்னியுங்கள், இன்னும் ஒரு பத்தி.

நாற்காலியில் வந்து உட்கார்கிறவர்கள் முதலில் வாயைக் கையால் மூடிக்கொள்வார்கள். எங்கே வலிக்கிறது என்றால் பக்கத்துப் பல்லைக் காட்டுவார்கள். பக்கத்தில் நின்று விளக்கைப் பிடிக்கும் எனக்குச் சிரிப்பு வரும். இப்போது வருவதில்லை. உங்களிடம் மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தேடுகிறேன். எழுதுவதெல்லாம், ஊசி போடும் முன் "கொஞ்சமா வலிக்கும்" என்று சொல்வோமே, அதுபோலவே வருகிறது. கிடைத்ததும் எழுதுகிறேன்.


மார்ச் 27

நாத்தனாருக்கு,

நட்டு பதினாலு நாள் ஆச்சு. நீ சொன்ன மாதிரியே, முன்வாசல் பக்கம், மேடு கட்டி, முதுகு வெளியில. நிஜமாவே பாக்கச் சகிக்கல. சட்டை இல்லாம வெயில்ல படுத்திருக்கற ஆள் மாதிரி கிடக்கு. ரெண்டு தடவை ஒரு கை மண்ணை எடுத்துட்டுப் போய் நின்னுட்டுத் திரும்பி வந்துட்டேன்.

காலையில ஒரு தடவை, கடைக்குக் கிளம்பும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை கட்டைவிரலால அழுத்திப் பாக்கறேன். டிரைவர் சத்தம் போட்டார். "தொட்டுத் தொட்டே சாகடிச்சுடுவீங்கம்மா. எஞ்சின் ஓடுதான்னு பாக்க அரை மணிக்கொரு தரம் பானட்டைத் திறப்பாங்களா?" நியாயம்தான். இப்ப கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு குனிஞ்சு பாக்கறேன். கெட்டியா இருக்கா, மெத்துனு இருக்கா, கண்ணால எப்படித் தெரியும்? மோந்து பாக்கறேன். மண் வாசனைதான். அப்புறம் என் மூக்கு மேலயே சந்தேகம் வருது.

இதை உங்கிட்ட சொல்ல நினைக்கல. ஆனா வேற யார்கிட்ட சொல்றது, முதலாளியம்மாகிட்டயா?

அவர் அந்த விதையை ஊனின அன்னிக்கு நான் கிண்டல் பண்ணினேன். "ஒரு பூவுக்கு மூணு வருஷமா? மூணு நாள்ல நான் ஒரு வீடு முழுக்கத் திரை தைச்சு மாட்டிடுவேன்"ன்னேன். லிஃப்ட் ரிப்பேர் பண்ணிட்டு வந்த கை, கிரீஸ் கூடப் போகல, அதோட பிரஷ்ஷைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறார். அவருக்குக் கோவமே வராது, உனக்குத் தெரியுமே. "பூக்கும்போது பாரு"ன்னார். அதுக்கப்புறம் எப்பக் கிண்டல் பண்ணினாலும் அதே பதில்தான். பூக்கும்போது பாரு. நான் பாக்கறதுக்கு முன்னாடி அவரே இல்ல. அந்தப் பேச்சு அப்படியே பாதியில நிக்குது.

அதனால அது நல்ல நிறமா இருக்கணும். யாரும் பாக்காத நிறமா. ரெண்டு வருஷமா நினைச்சு நினைச்சுப் பாத்திருக்கேன். ஒரு நாள் புகையிலை நிறம். ஒரு நாள் கறுப்புக்குப் பக்கத்துல போற சிவப்பு. ஒரு நாள் மேல வெள்ளை, கீழ ஈரமான செங்கல். கடையில புதுத் துணிச் சுருள் வந்தா பிரிச்சதும் இதுவா இருக்குமோன்னுதான் தோணும். பூ அப்படி இருந்தா அவர் ஜெயிச்சார், நான் தோத்தேன். எனக்குத் தோக்கத்தான் ஆசை. புரியுதா?

நீ அன்னிக்குத் துண்டு கேட்டப்ப நான் குடுக்காதது செடிக்காக இல்ல. இந்த ஒரு பேச்சாவது எனக்கும் அவருக்கும் மட்டும் இருக்கட்டும்னுதான்.


ஏப்ரல் 6

அண்ணி,

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. பதில் எழுத நான்கு முறை உட்கார்ந்தேன்.

தொடாமல் இருப்பது நல்லது. நட்ட துண்டு வேர் பிடிக்கும்வரை ஒன்றும் நடக்காததுபோலத்தான் இருக்கும். நடுவில் ஊசி முனைபோல ஒரு பச்சை தெரிந்தால் பிழைத்தது என்று அர்த்தம். ஆனால் இதையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு சிறிய துண்டு இந்த வருடம் பூக்காது. அடுத்த வருடமும் சந்தேகம்.

தொட்டியில் மொட்டுத்தண்டு வந்திருக்கிறது. இன்னும் நாலைந்து வாரம். இதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது. போன வருடம் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் திருட்டு மட்டும் இல்லை.

என்ன செய்யட்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். அனுப்பினால் வழியில் மொட்டு உதிரும். நானே மடியில் வைத்துக் கொண்டுவருவதென்றால் டாக்டர் லீவு தரவேண்டும். கேட்பேன்.


ஏப்ரல் 12

நாத்தனாருக்கு,

"திருட்டு மட்டும் இல்லை."

இந்த ஒரு வரியை எழுதிட்டு நீ நிம்மதியா வேலைக்குப் போயிருப்ப. இங்க நான் மூணு நாளா அதை மெல்றேன். திருட்டு இல்லன்னா வேற என்ன? அதுல என்ன பாத்த? பூ ஊனமா? நிறமே இல்லையா? பயந்துபோற மாதிரி ஏதாவதா?

பச்சை வந்துடுச்சு. ஊசி முனைதான். போன வியாழக்கிழமை. டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியை எடுத்துட்டு வரப் போய், வந்து பாத்துட்டு, "ஆமா, ஸ்டார்ட் ஆயிடுச்சு"ன்னார். சந்தோஷப்படணும்தான். பட்டேன், ஒரு பத்து நிமிஷம். அப்புறம் உன் வரி திரும்ப வந்துடுச்சு. இது பூக்க ரெண்டு வருஷம்னா அத்தனை நாள் என்னால இதை வெச்சுக்கிட்டு இருக்க முடியாது.

வார்த்தையில சொல்லாதே. வார்த்தையை நான் நம்ப மாட்டேன். "நீலம்"னு ஆர்டர் குடுத்துட்டு, தைச்சு மாட்டினதும் "இது நீலமா"ன்னு சண்டைக்கு வர்றவங்களை நிறைய பாத்தாச்சு. இந்தக் கடிதாசுகூட இருக்கற வளையத்துல நாப்பத்தொரு துணித் துண்டு கோத்திருக்கேன். கடையில இருக்கற எல்லா நிறமும். ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி நம்பர் இருக்கு. மேல் இதழுக்கு ஒண்ணு, கீழ் இதழுக்கு ஒண்ணு, கழட்டி ஒரு கவர்ல போட்டு அனுப்பு. வளையம் உங்கிட்டயே இருக்கட்டும். முதலாளியம்மாவுக்குத் தெரியாம மிச்சத் துணியில கோத்தது. சீக்கிரம் அனுப்பு.


ஏப்ரல் 19

அண்ணி,

இரண்டு கேட்டீர்கள். ஒன்றுதான் வைத்திருக்கிறேன். மேல் இதழும் கீழ் இதழும் ஒரே நிறம்.

எட்டாம் எண்.

வார்த்தை வேண்டாம் என்றீர்கள். ஆனால் துணியை மட்டும் அனுப்பினால் மறுபடி மூடுவதுபோல இருக்கும். அதனால் எழுதுகிறேன். வெளிர் ஊதா. எங்கள் ஆஸ்பத்திரி வேலியோரம் யாரும் நடாமல் தானாகக் கிடக்கிறதே, அந்த ஐரிஸ். பள்ளிக்கூடத்துக்கு வெளியே, பஸ் டிப்போ சுவரோரம், எல்லா இடத்திலும். அது.

போன மே. மூன்று நாளும் வேலை முடிந்து வந்துதான் பார்த்தேன். காலையில் முதல் பஸ்ஸுக்கு நான் கிளம்பும்போது பால்கனியில் இன்னும் இருட்டாகத்தான் இருக்கும். திரும்பி வந்து டியூப்லைட்டைப் போட்டேன். விரிந்திருந்தது. தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அழுகை வரும் என்று இருந்தேன். வரவில்லை. இவ்வளவுதானா என்று தோன்றியது. அப்படித் தோன்றியதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அண்ணன் மூன்று வருடம் காத்து, நான் அதற்காகத் திருடி, ஒருவரோடு ஒருவர் பேசாமல் போய், இந்த நிறம். எங்கோ ஒரு வித்தியாசம் இருக்க வேண்டும் என்று நான்காம் நாள் சுருங்கிப்போன பூவைக் கிள்ளிக் கைக்குட்டையில் எடுத்துப் போனேன். மதியம் வேலிப் பூவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

உங்களுக்கு போன் செய்திருந்தால் முதல் கேள்வி என்ன நிறம் என்பதாக இருக்கும். அதற்குப் பதில் சொல்லத்தான் பயம். திருடியதைக்கூடச் சொல்லியிருப்பேன்.

மொட்டு விரல் நீளம் வந்துவிட்டது. நுனியில் நிறம் இன்னும் தெரியவில்லை. நான் உற்றுப் பார்ப்பதில்லை.

அந்த வாக்கியம் இன்னும் கிடைக்கவில்லை.


ஏப்ரல் 24

நாத்தனாருக்கு,

கவரைக் கடையில வெச்சுத்தான் பிரிச்சேன். துணி முதல்ல வந்துது. கையில எடுத்ததும் தெரிஞ்சுபோச்சு. நம்பரைத் திருப்பிப் பாக்கவே இல்ல.

எட்டாம் நம்பர் எங்க கடையில எல்லாத்தையும் விட அதிகமா ஓடற துணி. என்ன எடுக்கறதுன்னு தெரியாதவங்க எல்லாம் கடைசியில அதைத்தான் எடுப்பாங்க. எதோட போட்டாலும் உறுத்தாது. ஒரு நூறு ஜன்னலுக்காவது தைச்சிருப்பேன். அன்னிக்கும் மெஷின்ல ஊசிக்கு அடியில கிடந்தது அதுதான், பாதி மடிப்போட.

மெஷினை நிறுத்திட்டு அதையே பாத்துட்டிருந்தேன். சிரிப்புதான் முதல்ல வந்துது. முதலாளியம்மா "என்னாச்சு"ன்னாங்க. "எங்க வீட்டுக்காரர் தோத்துட்டார்"னேன். அவங்களுக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் பின்னாடி துணி அடுக்கற ரூம்ல போய் உக்காந்தேன். கொஞ்ச நேரம் ஆச்சு வெளிய வர.

ரெண்டு நாள் கடிதாசை மடிச்சு வெச்சுட்டு வேலைக்குப் போய் வந்தேன். பயம் போயிடுச்சு. பயம் போனதும் வீடு காலியா இருக்கற மாதிரி இருந்துது. காலையில எழுந்து வாசலுக்குப் போக அவசரமே இல்ல. அந்தப் பச்சை இப்ப சுண்டுவிரல் உயரம் நிக்குது. அது பாட்டுக்கு.

மூணாம் நாள் உன் கடிதாசைத் திரும்பப் படிச்சேன். பொறுமையா, தொழில் கண்ணோட படிச்சேன். உன் கன்னத்துல ஒண்ணு வெக்கணும்போல வந்துது.

டியூப்லைட்ல பாத்தியாம். டியூப்லைட்ல யாராவது நிறம் பாப்பாங்களா? எங்க கடைக்கு வர்றவங்களைத் துணியோட வாசலுக்கு இழுத்துட்டுப் போறது எதுக்குன்னு நினைச்ச? உள்ள ஊதா, வெளிய வந்தா சாம்பல். உள்ள பழுப்பு, வெளிய செம்பு. இன்னும் சொல்லப்போனா, செயற்கைப் பல்லுக்கு நிறம் ஒத்துப்பாக்க ஆளை ஜன்னல் ஓரம் நிக்க வெப்போம்னு நீயே வந்து பெருமையடிச்சிருக்க. கண்டவங்க பல்லுக்குக் காட்டின மரியாதை உங்கண்ணன் பூவுக்கு இல்ல. பகல்ல பாத்தியா, அதுவும் எதை? செத்துச் சுருண்ட பூவை. துவைச்சுச் சாயம் போன துணியை வெச்சுக்கிட்டு புதுத் துணியை எடை போடற மாதிரி.

ஒரு தடவை கூட வெயில்ல நீ அதைப் பாக்கல. இது உனக்கே இன்னும் உறைக்கல.

நான் ஆசையில பேசறேன்னு நினைக்காதே. அது எட்டாம் நம்பராவே இருக்கலாம். தொண்ணூறு பங்கு அப்படித்தான் இருக்கும். இருந்தா, நேருக்கு நேர் பாத்து, "இதுக்குத்தான் மூணு வருஷமா"ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுவேன். அந்தப் பேச்சு அன்னிக்காவது முடியட்டும். ஆனா "பூக்கும்போது பாரு"ன்னு அவர் எங்கிட்டதான் சொன்னார். நான் பாக்காம அவர் தோத்ததா ஒத்துக்க மாட்டேன். உன் கண்ணை நம்பி ஒரு ஜன்னல் திரை கூட வெட்ட மாட்டேன் நான்.

முதலாளியம்மாகிட்ட ஒரு வாரம் லீவு சொல்லியாச்சு. என் செடியை டிரைவர் பாத்துக்கறேன்னார். தண்ணி ஊத்தக் கூடாது, தொடக் கூடாது, சும்மா பாக்கறது மட்டும்தான் வேலைன்னேன். "அப்ப எனக்கு ரொம்ப நல்லா வரும்"னார்.

மே முதல் வியாழக்கிழமை பஸ். சாயங்காலம் வந்து சேருவேன். கூப்பிட வர வேண்டாம், விலாசம் உன் கவர் பின்னாடியே இருக்கு. நீ தேடற அந்த வாக்கியத்தை எனக்காகத் தயார் பண்ணி வெக்காதே, வந்ததும் கேக்கற நிலையில நான் இருக்க மாட்டேன். எனக்கு இன்னும் கோவம் இருக்கு. அதையும் கொண்டுதான் வர்றேன், உனக்கு வீட்டுல இடம் இருக்கான்னு பாத்துக்கோ. தொட்டியை இருக்கற இடத்துல இருந்து நகத்தாதே. முந்தி விரிஞ்சாலும் அந்த டியூப்லைட்டைப் போடாதே. நீயும் பாக்காதே. இந்தத் தடவை ரெண்டு பேரும் சேந்து பாப்போம்.

உன் பால்கனிக்கு வெயில் எத்தனை மணிக்கு வரும்? அதை மட்டும் எழுது.

அண்ணி